சாவடி வரை வந்தவள்

ஏப்ரல் 7

முதல் பாகம் முழுக்கக் கூடவே வந்த ஒருத்தியை இரண்டாம் பாகத்திலிருந்து எப்படி வெளியே அனுப்புவது? இன்று அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். பரணிதரன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொல்லிவிட்டார். அவர்தான் எங்கள் நிறுவனத்தை நடத்துகிறவர். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமில்லை. குழப்பத்தைத் தாளில் போட்டுப் பார்த்தால் தெளியலாம் என்பதற்காக இது. எனக்கே புரிவதற்கு முதலிலிருந்து எழுதிக்கொள்கிறேன்.

பீளமேட்டில் ஒரு மாடியில் வீடியோ கேம் செய்கிறோம். வசனம் எழுதுவது என் வேலை. வட்டார வழக்கில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருத்திக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எந்த விளையாட்டையும் ஆடி முடித்தவள் இல்லை. அதை மறைத்ததும் இல்லை.

எங்கள் முதல் விளையாட்டு ‘பரிசல்’. வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு நாடு. ஆடுகிறவர் ஓர் இளம்பெண்ணாக அதைக் கடந்து போக வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. ஆடுகிறவர் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். பேசுவதெல்லாம் காத்தாயி, பரிசல் துழாவுகிறவள். ஆடுகிறவர் எதுவும் செய்யாமல் சும்மா நின்றால் அவளாகவே ஏதாவது சொல்வாள். “வெயில் ஏறுது அம்மிணி.” “காலு வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ?” இந்த வரிகளைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இரண்டாம் பாகம் மலையில் நடக்கிறது. அங்கே தண்ணீர் இல்லை, பரிசலுக்கு வேலை இல்லை. காத்தாயியை நடக்கவிட்டுப் பார்த்தார்கள், பாறைக்குள் காலை விட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாள். சரிசெய்ய ஆளும் இல்லை, நாளும் இல்லை.

ஏப்ரல் 8

மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஹசீனா விளக்கினாள். விளையாட்டை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டையும் ஆடியிருக்கிறாள்.

சிலர் முதல் காட்சியிலேயே கொன்றுவிடுகிறார்களாம். நாயகிக்குக் கோபம் வரும், கதை நகரும். சிலர் துரோகியாக்குகிறார்கள். சிலர் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோனதாக வைக்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு கடை வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். போனால் கயிறும் வெல்லமும் விற்றுக்கொண்டு, பழைய பாசத்தில் ஒரு வசனம் பேசுவாள். இதைச் சொல்லும்போது ஹசீனா முகத்தைச் சுளித்தாள். “அதுக்குக் கொன்னே போட்டுரலாம் மேடம்.”

ஆனால் அதிகம் நடப்பது வேறாம். ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுவது. அப்படி ஒருத்தி இருந்ததாகவே யாரும் பேச மாட்டார்கள். ஆடுகிறவர்கள் அடுத்த வளைவில் வந்துவிடுவாள், அதற்கடுத்த வளைவில் வந்துவிடுவாள் என்று பாதி விளையாட்டு வரை தேடிக்கொண்டே போவார்களாம்.

ஒரு பொம்மைக்காக இத்தனையா என்று கேட்டேன். ஹசீனா தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வருத்தப்பட்டிருப்பாள் போலிருக்கிறது.

ஏப்ரல் 10

சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்ததும் தெய்வானை எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்தாள். இனி ஒரு வாரத்துக்குப் போதும்.

தெய்வானையும் நானும் இந்த வீட்டில் சேர்ந்து இருக்கிறோம். அவள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை விசில் இல்லாமல் நிறுத்தக்கூடிய குரல். வாடகையைப் பகிர்ந்துகொள்ள வந்தவள், பத்தொன்பது வருடமாகிறது. காத்தாயிக்குக் குரல் கொடுத்தவளும் அவள்தான். அப்போது நடிகருக்குக் கொடுக்க நிறுவனத்தில் பணமில்லை. நான் வசனத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன், சுற்றி மெத்தையைச் சாய்த்து வைத்துப் பேசினாள். ‘அம்மிணி’ நான் எழுதியதில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். கரூரில் சென்னியப்பன் என்று ஒருவர், கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். தலைமையாசிரியையின் உறவுக்காரர். பள்ளி ஆண்டு விழாவில் தெய்வானையைப் பார்த்திருக்கிறார். கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

“என்ன சொல்றே?” என்று என்னைக் கேட்டாள்.

“உன் இஷ்டம்” என்றேன்.

நாற்பத்தொன்பது வயதான ஒருத்திக்கு அவளுடைய வாழ்க்கையைப் பற்றி வேறென்ன சொல்வது? என் அம்மாவிடம் அவள் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை, எல்லாம் கட்டளைதான். நான் அப்படி யாரிடமும் நடந்துகொள்ளக் கூடாது என்று வெகு நாள் முன்பே முடிவு செய்தவள்.

ஏப்ரல் 14

சித்திரைக்கனி. தெய்வானை வருடா வருடம் முதல் நாளே கண்ணாடிக்கு முன்னால் பழமும் பூவும் வெற்றிலையும் நகையும் அடுக்கி வைப்பாள். விடிந்ததும் என் கண்ணைப் பொத்தி, கட்டிலில் இருந்து அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வருடா வருடம் சொல்வேன்.

இன்றும் அடுக்கி வைத்திருந்தாள். கூப்பிட வரவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு நானாகப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் மாம்பழமும் நானும் தெரிந்தோம். அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

நம்பிக்கை இல்லை என்று சொன்னவளை எழுப்பாமல் விட்டிருக்கிறாள். நியாயம்தான்.

ஏப்ரல் 18

காட்சியை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் தாமதம். கொல்லவில்லை, துரோகியாக்கவில்லை. மலை அடிவாரத்தில் ஒரு பழைய சாவடி. அதுவரை காத்தாயி வருகிறாள். “இதுக்கு மேல தண்ணி இல்லை, எனக்கென்ன சோலி” என்கிறாள். நாயகி தனியாகச் சாவடியைக் கடந்து மேலே ஏறுகிறாள். அவ்வளவுதான். பக்குவப்பட்ட இருவர் பிரிவதுபோல இருக்கிறது.

பரணிதரனுக்குப் பிடித்திருந்தது. ஹசீனா படித்துவிட்டு, “அவ பாட்டுக்குப் போறா. இவளுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்றாள். நாயகி பேச மாட்டாள் என்று நினைவுபடுத்தினேன்.

ஏப்ரல் 24

விசித்திரமான ஒன்று. வெளியிலிருந்து சிலரை வரவழைத்து ஆடவிட்டார்கள். எல்லோரும் சாவடியில் வந்து நின்றுவிட்டார்கள்.

பிழை என்று நினைத்தேன். பிழை இல்லை. வழி திறந்துதான் இருக்கிறது, யாரும் கடக்கவில்லை. கடந்தால் காத்தாயி போய்விடுவாள். கடக்காத வரை அவள் அங்கேயே நிற்பாள், சும்மா நிற்கிறவரிடம் ஏதாவது பேசுவாள். ஆகவே சும்மா நிற்கிறார்கள். ஹசீனா திரையைக் காட்டினாள். நாயகி நிற்கிறாள், காத்தாயி நிற்கிறாள், பின்னால் புல் அசைகிறது. ஒரு பையன் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனானாம். போகும்போது சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

சிலர் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஏதோ ஒன்றை அழுத்தினால் அவளை நிறுத்தலாம் என்று எண்ணம்.

பரணிதரனுக்கு இது வெற்றியா தோல்வியா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு, நிற்கிறவர்களுக்காக இன்னும் நிறைய வரிகள் எழுத வேண்டும். இருப்பது தீர்ந்து திரும்பத் திரும்ப வருகிறதாம்.

ஏப்ரல் 25

மாவு புளித்துவிட்டது. இருவரும் ஆட்டிய நினைவில்லாமல் இருந்துவிட்டோம்.

ஏப்ரல் 28

காத்தாயிக்கு வரிகள் வேண்டும். வீட்டில் தெய்வானை பேசுவதைக் கவனித்துக் குறித்துக்கொள்கிறேன். முதல் பாகத்துக்கும் அப்படித்தான் செய்தேன். வேறு யாரிடம் போவது?

ஆனால் இந்த மாதம் அதிகம் பேச மாட்டேன் என்கிறாள். இன்று முழுக்கக் கிடைத்தவை: “கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தலியா?” “ஃபேன் சத்தம் போடுது.” “கண்ணாடிய நெத்தியில வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடு.” கடைசி வரி பயன்படும்.

சாயங்காலம் அவளுடைய அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விருப்ப ஓய்வு எடுத்தால் எவ்வளவு வரும் என்று யாரிடமோ போனில் விசாரித்தாள். நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

மே 2

சென்னியப்பன் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். நல்ல மரியாதையான குரல். “நீங்கதான் கோகிலா டீச்சருங்களா? தெய்வானை உங்களப் பத்தி நெறையச் சொன்னாங்க” என்றார். நான் டீச்சர் இல்லை என்று திருத்தினேன். பிறகு திருத்தியிருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தெய்வானை கரூர் போகிறாள். வீட்டைப் பார்த்துவிட்டு அவரிடம் நேரிலேயே ஒரு பதில் சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு.

சாப்பிடும்போது மறுபடி கேட்டாள்.

“நீ என்னதான் சொல்றே?”

“நான் சொல்ல என்ன இருக்கு. உன் இஷ்டம்தான்.”

“என் இஷ்டம் எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள். “அந்த மனுசன் என்னைப் பார்த்தது ஒரு நாளு. கேட்டுட்டாரு. எனக்கு அதுதான் ஆச்சரியமா இருக்குது.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒருவர் கேட்டதில் என்ன ஆச்சரியம் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல ஆள் போலத்தான் இருக்கிறார். மறுப்பதற்குக் காரணம் எதுவும் என்னால் யோசிக்க முடியவில்லை. உட்கார்ந்து நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். காரணம் என்று எழுதக்கூடியது ஒன்றும் இல்லை.

மே 5

அலுவலகத்தில் தர்க்கம். இரண்டாம் முறை ஆடவிட்டவர்களும் சாவடியிலேயே நின்றுவிட்டார்கள். சிலர் அதோடு மூடி வைத்துவிட்டார்கள். இப்படியே போனால் இரண்டாம் பாகத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள் என்று பரணிதரனுக்குக் கவலை. நிறுவனத்திடம் இருப்பது இந்த ஒரு விளையாட்டுதான்.

அவர் யோசனை இது. காத்தாயி விடைபெறும்போது நாயகிக்குத் திரையில் இரண்டு வரி காட்ட வேண்டும். ஒன்று, ‘போய் வா.’ இன்னொன்று, ‘போகாதே, இரு.’ எதை அழுத்தினாலும் அவள் போய்விடுவாள். பதில் மட்டும் மாறும்.

இது மோசடி என்றேன். பலன் இல்லாத ஒரு பொத்தானை வைப்பது, ஆடுகிறவரை ஏமாற்றுவது. தவிரவும், போவதா இருப்பதா என்பது காத்தாயியின் முடிவு. அதை மதிப்பதுதானே நாகரிகம்?

ஹசீனா சட்டென்று பேசினாள். “காத்தாயி முடிவை மாத்தணும்னு யாரும் நிக்கலை மேடம். இருன்னு சொல்லணும்னு நிக்கறாங்க. சொல்லிட்டா போயிருவாங்க. சொல்லாம எப்படிப் போறது?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போது ஞாபகம் வரவில்லை.

இரண்டு வரியையும் எழுதிக் கொடுத்தேன். ‘இரு’ என்பதற்குக் காத்தாயியின் பதில்: “இருந்தா நல்லாத்தான் இருக்கும். நேரமாச்சு அம்மிணி.”

மே 7

கேஸ் சிலிண்டர் வந்தது. தெய்வானை கைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கரூரில் வெயில் இங்கிருப்பதைவிட அதிகமாம்.

மே 10

ஒலிப்பதிவு. இப்போது மெத்தையெல்லாம் இல்லை. கண்ணாடி போட்ட அறை, நல்ல மைக். தெய்வானை பள்ளி விடுமுறையாதலால் காலையிலேயே என்னோடு வந்துவிட்டாள். ஹசீனா அவளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பரணிதரன் இளநீர் வாங்கி வைத்திருந்தார்.

எங்கள் வழக்கப்படி வரிகளைக் கதை வரிசையில் பதிவதில்லை. தொண்டை கட்டிவிடும் என்பதால் கத்துகிற வரிகள் கடைசியில், மெல்லப் பேசுவது முதலில். ஆகவே பிரிவுக் காட்சிதான் முதலில் வந்தது. நாயகியின் வரி விளையாட்டில் ஒலிக்காது, திரையில் எழுத்தாக மட்டும் வரும். ஆனால் பதில் சொல்கிறவருக்கு எதிர்க்குரல் ஒன்று வேண்டும். அதை எழுதியவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து படிக்க வேண்டும். முதல் பாகத்தில் நாயகிக்கு வரியே இல்லாததால் எனக்கு இந்த வேலை வந்ததில்லை.

“போய் வா” படித்தேன். அவள் பதில் சொன்னாள். நன்றாக வந்தது.

பிறகு, “போகாதே, இரு.”

தெய்வானை காதில் மாட்டியிருந்ததைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, “ஏனுங் தம்பி, இப்படிப் படிச்சா யாரு இருப்பாங்க? ரேசன் கடையில பேரு கூப்பிடற மாதிரி இருக்குது” என்றாள். பரணிதரன் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுபடி படிக்கச் சொன்னார்கள். தாள் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கழற்றியபிறகு தாள் சுத்தமாகத் தெரியவில்லை. ஆனால் வரி சின்னதுதான், தாள் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வானை ஒரு நிறமாக மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“போகாதே. இரு” என்றேன்.

“தெய்வா” என்றும் சொல்லியிருக்கிறேன். ஹசீனா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மைக் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் அவள் குரல் வந்தது. தாளில் இல்லாத வரி.

“அட. உனக்குப் பேச வருமா அம்மிணி?”

யாரும் பதிவை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, எழுதியிருந்தபடியே, “இருந்தா நல்லாத்தான் இருக்கும். நேரமாச்சு அம்மிணி” என்பதையும் சொல்லி முடித்தாள். வேலையில் அவள் எதையும் பாதியில் விட மாட்டாள்.

இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம் என்று பரணிதரன் முடிவு செய்தார். ஒரு பாகம் முழுக்க வாய் திறக்காத நாயகி முதல்முறை பேசினால் காத்தாயி அதைத்தான் கேட்பாள், எவ்வளவு பொருத்தம் என்று வியந்தார். ஹசீனா கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். அவள் பேசினாள். வீட்டுக்கு வந்து நாளைக்கு வேண்டியதைக் கைப்பையில் எடுத்து வைத்தாள். ஒரு புடவையை எடுத்து, மறுபடி உள்ளே வைத்து, வேறொன்றை எடுத்தாள்.

எனக்குப் புரியாதது இதுதான். நான் படித்தது நாயகியின் வரி. அவள் சொன்னது காத்தாயியா, தெய்வானையா? கடைசியில் சொன்னதும் காத்தாயி சொன்னதுதானா? ‘நேரமாச்சு’ என்று எழுதியவள் நான். வேறு ஏதாவது எழுதியிருக்கலாம்.

பதில் மட்டும் மாறும், அவள் போய்விடுவாள். நாங்கள் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம்.

மே 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெய்வானை காலையில் கிளம்பிவிட்டாள். மயில்கழுத்து நிறப் புடவை. வாசல் வரை போனேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவளும் ஒரு கணம் நின்றாள். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்தார். “வர்றேன்” என்றாள், போய்விட்டாள். தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். திரும்பியபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் திரும்பி வந்து, “யாராச்சும் வரோணுங்களா?” என்று கேட்டார்.

உள்ளே வந்து பார்த்தால், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்து ஆணியில் அவளுடைய சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கயிறு கட்டிய சாவி. இத்தனை வருடத்தில் சாவி எடுக்காமல் அவள் படி இறங்கியதில்லை.

மறந்து வைத்துவிட்டுப் போனாளா, திருப்பித் தந்துவிட்டுப் போனாளா? ஒரு சாவியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆணியிலிருந்து எடுத்தேன். மறுபடி அதிலேயே மாட்டினேன். மாவு ஆட்டினேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஃபேனைத் துடைத்தேன், சத்தம் அப்படியேதான் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். அந்த வீட்டில், அவர் முன்னால், அவளால் என்ன பேச முடியும்?

வெயில் இறங்கியபிறகு அவளே கூப்பிட்டாள். பின்னால் பஸ் நிலைய இரைச்சல்.

“சாவிய மறந்துட்டு வந்துட்டேன். கதவைத் தாழ்ப்பாப் போட்டுறாத. நீ படுத்தா பரிசலே கவுந்தாலும் எந்திரிக்க மாட்ட.”

சரி என்றேன். வழக்கமாக அதோடு வைத்துவிடுவேன். வைக்கவில்லை.

“என்ன சொன்னே அவர்கிட்ட?” என்று கேட்டேன்.

யாரோ ஈரோடு ஈரோடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தள்ளிப்போய் நின்றிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“நல்ல மனுசன். சங்கடமாத்தான் இருந்துச்சு. வரலைங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள். “ஏனுங்கன்னு கேட்டாரு. வீட்டுல ஆளு இருக்குதுங்கன்னு சொன்னேன்.”

வீட்டில் ஆள் இருக்கிறது என்று நம் பக்கம் கட்டிக்கொண்டவரைத்தான் சொல்வார்கள், அது எனக்குத் தெரியும். அவள் அந்தப் பொருளில்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இன்றைக்கு ஒரு கேள்வி போதும் என்று தோன்றியது.

விளக்கைப் போட்டுக் கதவை விரியத் திறந்து வைத்தேன். கொசு நிறைய வந்துவிட்டது. பிறகு தெய்வானையும் வந்தாள்.